புங்க எண்ணெயில் இன்ஜின் ஓடும்... எத்தனை நாளைக்கு ஓடும்?

போன மாசி மாதம் ஒரு நாள் காலை, செம்மேட்டில் இருக்கும் எங்கள் வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு ஒரு பெரியவர் சாக்குப் பையோடு வந்தார். கொல்லிமலையில் சாமை, கேழ்வரகு அரைக்கும் சின்ன மில் வைத்திருப்பவர். பூச்சி அரித்த செடி எதையோ காட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் பையைக் கவிழ்த்ததும் மேஜையில் உருண்டது ஒரு பிஸ்டன். அதன் ரிங்குகள் எல்லாம் பள்ளத்தோடு பள்ளமாக ஒட்டிக்கிடந்தன. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினாலும் அசையவில்லை. மேலே கறுப்புப் பிசின் அரை விரல்கடை கனத்துக்குப் படிந்திருந்தது.

"சார், புங்க எண்ணெயில இன்ஜின் ஓடும்னு நீங்கதானே பயிற்சியில சொன்னீங்க?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சொன்னது உண்மைதான். பதினெட்டு, பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு நான் இதே மலையில் இளம் வேளாண்மை அலுவலர். கூட்டம் போட்டு, புங்கன் வையுங்கள், காட்டாமணக்கு வையுங்கள், அதன் எண்ணெயில் இன்ஜினே ஓடும் என்று பேசியிருக்கிறேன். 'ஓடும்' என்று சொன்னேனே தவிர, எப்படிப் பக்குவப்படுத்திய எண்ணெயில் ஓடும், எத்தனை நாளைக்கு ஓடும், இன்ஜினுக்குள் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கே அது முழுசாகத் தெரியாது.

டீசல் விலை லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிய பிறகு, பெரியவருக்கு என் பழைய பேச்சு ஞாபகம் வந்திருக்கிறது. அடிவாரத்தில் புங்கன் விதை வாங்கி, செக்கில் ஆட்டி, பாதி டீசல், பாதி புங்க எண்ணெய் என்று கலந்து 8 குதிரைத்திறன் இன்ஜினில் ஊற்றிவிட்டார். மூன்று மாதம் நன்றாக ஓடியது. "சத்தம்கூட கம்மியாச்சுங்க" என்றார். அப்புறம் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. புகை கூடியது. சாமை அறுவடை முடிந்து அரைவைக்கு ஆட்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில் இன்ஜின் 'சீஸ்' ஆகி நின்றது. இன்ஜின் ஆயிலை இறக்க அடியில் இருக்கும் நட்டைக் கழற்றினால் ஆயில் ஒழுகவில்லையாம். பாகு பதம் தாண்டிய வெல்லம் மாதிரி தொங்கியதாம். ஒரு பருவத்து அரைவைக் கூலி மொத்தமும் லைனர், பிஸ்டன், பேரிங் செலவுக்குப் போய்விட்டது.

இந்தக் கட்டுரை அவருக்கு நான் தர வேண்டிய பதில். அவரைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும்தான்.

காட்டாமணக்கு அலை

செடியிலிருந்து டீசல் என்ற பேச்சு நம் நாட்டில் வேகம் எடுத்தது 2002, 2003 வாக்கில். 2002 டிசம்பர் 31 அன்று டெல்லி - அமிர்தசரஸ் சதாப்தி ரயிலை 5 சதவீதம் பயோடீசல் கலந்து ஓட்டிப் பார்த்தார்கள். 2003-ல் திட்டக்குழு அமைத்த குழு, காட்டாமணக்கை நாடு முழுக்கப் பயிரிடப் பரிந்துரைத்தது. 2009-ல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள் 20 சதவீதம் கலக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது.

தமிழ்நாட்டிலும் தரிசு நிலங்களில் காட்டாமணக்கு நட ஊக்கம் கொடுத்தார்கள். நட்டவர்களுக்கு என்ன ஆனது என்பது உங்களில் பலருக்கு அனுபவமாகவே தெரியும். தண்ணீர் இல்லாத மேட்டுநிலத்திலும் காய்த்துக் குலுங்கும் என்று சொல்லப்பட்ட செடி, தண்ணீரும் உரமும் இல்லாமல் சொன்ன விளைச்சலைத் தரவில்லை. கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் ஆய்வு செய்து 2010-ல் வெளியான ஒரு கட்டுரையும் இதைத்தான் சொன்னது. எதிர்பார்த்ததைவிட விளைச்சல் மிகக் குறைவு. சிறு விவசாயிக்கு அது கட்டுப்படியாகவில்லை. 2018-ல் வந்த புதிய கொள்கை, 2030-க்குள் 5 சதவீதம் பயோடீசல் கலந்தால் போதும் என்று இறங்கி வந்தது.

சாகுபடியில் பட்ட அடி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இன்ஜினில் படும் அடியைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசவில்லை.

எண்ணெய் வேறு, பயோடீசல் வேறு

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்வோம். செக்கில் ஆட்டி எடுப்பது எண்ணெய். அந்த எண்ணெயோடு மெத்தனாலும் காரமும் சேர்த்து வேதிவினை நடத்தி, கிளிசரினைப் பிரித்து, கழுவி, ஈரம் போக்கி எடுப்பதுதான் பயோடீசல். நெல்லும் சோறும் எப்படி ஒன்றில்லையோ, அப்படித்தான் இதுவும்.

எண்ணெயிலும் இன்ஜின் ஓடும் என்பது புதிய சேதி இல்லை. 1900-ம் ஆண்டு பாரீஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் உடுப்பி ஸ்ரீநிவாசாவும் அவருடைய குழுவினரும், கர்நாடக கிராமங்களில் புங்க எண்ணெயைக் கொண்டே ஜெனரேட்டர்களை ஓட்டினார்கள். ஆனால் ஒரே சுமையில், தெரிந்தவர்களின் கண்காணிப்பில் ஓடும் ஜெனரேட்டர் வேறு. அரை மணிக்கு ஒரு தடவை நின்று நின்று ஓடும் நம்முடைய மில் இன்ஜின் வேறு.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? பாகுத்தன்மையில். அதாவது, எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதில். 40 டிகிரி சூட்டில் டீசலின் பாகுத்தன்மை 2 முதல் 4.5 வரை இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரவரை. புங்க எண்ணெய்க்கு அதே அளவுகோலில் 35, 40 என்று வரும். ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டி. டீசல், நாசில் வழியாகப் பனிபோலத் தூவப்பட்டால்தான் முழுசாக எரியும். கெட்டி எண்ணெய் பனியாகத் தூவாது, சொட்டாக விழும். பாதி எரிந்து, பாதி கரியாகி, நாசில் முனையிலும் ரிங் பள்ளத்திலும் படியும். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து, கீழே இன்ஜின் ஆயிலில் போய்ச் சேரும். பெரியவரின் இன்ஜினில் நடந்தது இதுதான்.

எண்ணெயை முறையாகப் பயோடீசலாக மாற்றினால் பாகுத்தன்மை 4, 5 என்று இறங்கிவிடும். தூவல் பிரச்னை பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதனால் பயோடீசலை எண்ணெயோடு சேர்த்துத் திட்டக் கூடாது. அதில் ஒரு நன்மை இருக்கிறது. ஒரு தீமையும் இருக்கிறது. இரண்டுமே மசகு சம்பந்தப்பட்டவை.

மேலே நன்மை

எங்கள் ஊர் ராசிபுரம் பக்கம். என் தாத்தா மாட்டு வண்டி அச்சுக்கு வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து மை போடுவார். அச்சு தேயாமல் இருக்க வழுவழுப்பு வேண்டும் என்பது நம்மவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டீசல் பம்புக்குள்ளும் அப்படி ஒரு இடம் இருக்கிறது. மெக்கானிக்குகள் 'எலிமென்ட்' என்று சொல்லும் ப்ளஞ்சரும் அது ஓடும் குழலும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு, மூன்று மைக்ரான்தான். நம் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் என்றால், அந்த இடைவெளி எவ்வளவு நுணுக்கம் என்று பாருங்கள். அங்கே கிரீஸ் போட முடியாது. ஓடுகிற டீசல்தான் அதற்கு மசகு.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்-6 டீசல் வந்துவிட்டது. அதில் கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. முன்பு பி.எஸ்-4 காலத்தில் 50 மில்லிகிராம் வரை அனுமதி. புகை குறைய இது நல்லதுதான். ஆனால் கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில், டீசலில் இயற்கையாக இருக்கும் வழுவழுப்புப் பொருள்களும் போய்விடுகின்றன. அதனால் சுத்திகரிப்பு ஆலைகள் மசகு தரும் பொருளைத் திரும்பச் சேர்த்துத்தான் அனுப்புகின்றன. ஓர் உருக்குக் குண்டை டீசலுக்குள் வைத்துத் தேய்த்துப் பார்ப்பது இதற்கான சோதனை. குண்டில் விழும் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது.

இங்கேதான் பயோடீசல் கை கொடுக்கிறது. வறண்ட டீசலில் 1 முதல் 2 சதவீதம் நல்ல பயோடீசல் கலந்தாலே வழுவழுப்பு திரும்பிவிடும், தழும்பு சிறுத்துவிடும். பம்பும் நாசிலும் தேய்வது குறையும். பெரியவர் 'சத்தம் கம்மியாச்சு' என்றாரே, அதில் இந்த வழுவழுப்புக்கும் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பங்கில் வாங்கும் டீசலில் மசகு ஏற்கெனவே தரவரைப்படி இருக்கிறது. பம்பைக் காப்பாற்ற நாமாக எதையும் ஊற்றத் தேவையில்லை.

கீழே தீமை

பம்பைக் காப்பாற்றும் அதே பொருள், கீழே இருக்கும் இன்ஜின் ஆயிலைக் கெடுக்கிறது.

எந்த இன்ஜினிலும் எரியாத எரிபொருள் கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கத்தான் செய்யும். சாதா டீசலில் இலேசான பகுதிகள் உண்டு. இன்ஜின் ஆயில் சூடாகும்போது அவை மெல்ல ஆவியாகி வெளியேறிவிடும். பயோடீசல் அப்படி இல்லை. அது கொதிக்க 330 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இன்ஜின் ஆயிலின் சூடோ 100 டிகிரி அளவில்தான். அதனால் இறங்கிய பயோடீசல் இறங்கியபடியே தங்கிவிடும். நாள்பட நாள்படச் சேரும்.

சேர்ந்தால் இரண்டு கட்டமாகக் கெடுதல் வரும். முதலில் இன்ஜின் ஆயில் நீர்த்துப்போகும். மோரில் தண்ணீர் கலந்த மாதிரி. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே நிற்க வேண்டிய ஆயில் படலம் மெலிந்து, இரும்பு இரும்போடு உரசும். அடுத்து, அந்தப் பயோடீசல் சூட்டிலும் காற்றிலும் கெட்டு, புளித்து, பிசினாகும். ஆயில் கெட்டியாகி, ஆயில் போகும் துளைகளை அடைக்கும்.

வீட்டில் பித்தளை விளக்கைக் கழுவாமல் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். எண்ணெய் பிசுபிசுவென ஒட்டும், ஓரத்தில் பச்சை பூக்கும். பிசுபிசுப்பு, எண்ணெய் காற்றோடு சேர்ந்து பிசினாவது. பச்சை, எண்ணெயின் அமிலம் செம்பைத் தின்பது. இன்ஜினுக்குள்ளும் இதே கதைதான். செம்பு, பித்தளை, ஈயம் இருக்கும் பாகங்களில் பயோடீசல் சீக்கிரம் கெடும். கெட்ட பயோடீசல் அந்த உலோகங்களையே அரிக்கும்.

ஆய்வுகளும் இந்த இரண்டு முகத்தையும் காட்டுகின்றன. 2003-ல் வெளியான ஐ.ஐ.டி. ஆய்வாளர்களின் சோதனையில், 20 சதவீதம் ஆளிவிதை எண்ணெய் பயோடீசல் கலந்து ஓர் இன்ஜினை 512 மணி நேரம் ஓட்டினார்கள். முக்கிய பாகங்களின் தேய்மானம், சாதா டீசலில் ஓடியதைவிட 30 சதவீதம் வரை குறைந்தது. ஆனால் பிறகு கான்பூர் ஐ.ஐ.டி.யில் 20 சதவீதம் புங்க எண்ணெய் பயோடீசலை வைத்து 250 மணி நேரம் ஓட்டிப் பார்த்தபோது, இன்ஜின் ஆயில் சாதா டீசலில் கெடுவதைவிட வேகமாகக் கெட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றுதான்: நல்ல பயோடீசலை அளவாகக் கலந்தால் தேய்மானம் கூட வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் இன்ஜின் ஆயிலைப் பழைய கணக்கிலேயே விட்டுவைத்தால் கூடும்.

இந்தோனேசியாவில் 2020 முதல் 30 சதவீதம் பாமாயில் பயோடீசல் கலந்த டீசலைத்தான் நாடு முழுக்க விற்கிறார்கள். 2025-ல் அது 40 சதவீதம் ஆனது. அங்கே லாரியும் டிராக்டரும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆகவே பயந்து ஓட வேண்டிய பொருள் இல்லை. கவனித்துக் கையாள வேண்டிய பொருள்.

மலையில் கூடுதல் கவனம்

சமவெளியைவிட நம் மலையில் மூன்று விஷயங்களைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

ஒன்று, குளிர். மார்கழி, தை இரவுகளில் இங்கே 15 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். பாமாயில் பயோடீசல் 13 முதல் 16 டிகிரியிலேயே மங்கலாகி, மெழுகுத் துகள் கட்டத் தொடங்கும். பனிக்காலத்தில் தேங்காய் எண்ணெய் உறைவது போலத்தான். அந்த மெழுகு டீசல் ஃபில்டரை அடைக்கும். அதிகம் பயோடீசல் கலந்த டேங்கோடு வண்டியை இரவில் வெட்டவெளியில் நிறுத்தினால், காலையில் ஸ்டார்ட் ஆகாது.

இரண்டு, ஓடைத் தண்ணீர். பம்ப் இறைக்கும் தண்ணீரையே இன்ஜினுக்குள் விட்டுக் குளிர்விக்கிறோம். மலைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். வால்வை முழுசாகத் திறந்துவிட்டால் இன்ஜின் சூடே ஏறாது. சூடேறாத இன்ஜினில் எரிபொருள் சரியாக எரியாமல் கீழே இறங்கும். வெளியே வரும் தண்ணீரைத் தொட்டால் கை பொறுக்காத சூடு இருக்க வேண்டும். வெறும் வெதுவெதுப்பாக இருந்தால் வால்வைக் கொஞ்சம் மூடுங்கள்.

மூன்று, சும்மா ஓடும் இன்ஜின். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது வண்டி இன்ஜினுக்குப் பாரம் அதிகம். ஆனால் அந்தச் சூட்டில் எரிபொருள் நன்றாகவே எரியும். கெடுதல் நடப்பது அப்புறம்தான். சோளக்காடு சந்தையில் வாழைத்தார் ஏற்றும்வரை இன்ஜினை அணைக்காமல் ஓடவிடுகிறோமே, அப்போது. மில்லிலும் இப்படித்தான். அடுத்த மூட்டை வரும்வரை வெறுமனே ஓடவிடாதீர்கள், அணைத்துவிடுங்கள்.

குச்சி சொல்லும் சேதி

இன்ஜின் தேய்வதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் ஆயில் அளக்கும் குச்சியில் முன்கூட்டியே தெரிந்துவிடும். இதற்கு ஆய்வகம் வேண்டாம். காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன், இரண்டு நிமிடம் போதும்.

அளவு: நீங்கள் ஆயில் ஊற்றாமலே குச்சியில் மட்டம் ஏறியிருந்தால், எரிபொருள் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்குகிறது. 'ஆயில் குறையவே இல்லை, நல்ல இன்ஜின்' என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். குறைந்த ஆயிலின் இடத்தை எரிபொருள் நிரப்பியிருக்கலாம்.

விரல்: ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். புது ஆயிலோடு ஒப்பிட்டால் தண்ணீராக இருக்கிறதா, நூல் இழுக்கும் பிசினாக இருக்கிறதா என்பது தெரியும்.

தாள்: வெள்ளை டிஷ்யூ பேப்பரில் ஒரு சொட்டு விட்டு, சில மணி நேரம் காயவிடுங்கள். நடுவில் கறுப்பும், அதைச் சுற்றி வெளியே அகலமாக வெளிறிய எண்ணெய் வளையமும் வந்தால் எரிபொருள் கலந்திருக்கிறது. நடுக்கறுப்பு பரவாமல் கெட்டியான விளிம்போடு நின்றுவிட்டால், ஆயில் அழுக்கைச் சுமக்கும் சக்தியை இழந்துவிட்டது.

பொதுவாக, இன்ஜின் ஆயிலில் எரிபொருள் 5 சதவீதத்தைத் தாண்டினால் மாற்றிவிட வேண்டும். 5 லிட்டர் ஆயில் பிடிக்கும் இன்ஜினில் அது வெறும் கால் லிட்டர்.

பயோடீசல் கலந்து ஓட்டுகிறவர்கள் செய்ய வேண்டியவை:

* 7 சதவீதம் வரை கலப்பதை இப்போதைய டீசல் தரவரையே அனுமதிக்கிறது. அதற்கு மேல் கலக்க வேண்டுமானால் இன்ஜின் கம்பெனியின் கையேட்டில் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.
* 20 சதவீதமும் அதற்கு மேலும் கலந்தால், கையேட்டில் சொன்ன மணிக்கணக்கில் பாதியிலேயே இன்ஜின் ஆயிலை மாற்றுங்கள். ஆயில் ஃபில்டரையும் கூடவே மாற்றுங்கள்.
* பயோடீசல், டேங்கில் வருடக்கணக்காகப் படிந்த அழுக்கைக் கரைத்துக்கொண்டு வரும். முதல் சில வாரங்களில் டீசல் ஃபில்டர் அடைக்கும். கையில் ஒரு ஃபில்டரைக் கூடுதலாக வைத்திருங்கள். முடிந்தால் டேங்கை முன்பே கழுவிவிடுங்கள்.
* பழைய ரப்பர் டியூப், வாஷர்கள் ஊறி உப்பிவிடும். மாதம் ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.
* பயோடீசலை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். கேனை நிரப்பி, இறுக மூடி, நிழலில் வையுங்கள். சீசன் முடிந்து இன்ஜினை நிறுத்தும்போது, கடைசி நாள் சாதா டீசலில் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.
* நாசிலை வருடம் ஒரு முறையாவது சோதித்துத் தூவலைச் சரிசெய்யுங்கள். சொட்டும் நாசில்தான் ஆயிலைக் கெடுக்கும் முதல் எதிரி.

பெயரில் மட்டும் பயோடீசல்

இன்னொரு எச்சரிக்கை. 'பயோடீசல்' என்ற பெயரில், டீசலைவிட மலிவாக, யாரோ கேனில் கொண்டுவந்து கொடுப்பதை வாங்காதீர்கள். குஜராத் போன்ற மாநிலங்களில் தொழிற்சாலை எண்ணெய்களைப் பயோடீசல் என்று விற்றவர்களைப் பிடித்திருக்கிறார்கள். உண்மையான பயோடீசலுக்கு ஐ.எஸ். 15607 என்ற இந்தியத் தரவரை உண்டு. அதன்படி எஸ்டர் அளவு 96.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அமில எண் 0.5-ஐத் தாண்டக் கூடாது. ஈரம் கிலோவுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. விற்பவரிடம் சோதனைச் சான்று கேளுங்கள். தரத் தயங்கினால் நடையைக் கட்டுங்கள்.

சரி, புங்கனை என்ன செய்வது? மரத்தை வெட்டிவிடாதீர்கள். விதையை ஆட்டினால் எண்ணெய்க்கு விலை உண்டு. பூச்சி விரட்டியாகவும் பயன்படும். பிண்ணாக்கில் சுமார் 4 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது. மிளகுக்கும் காபிக்கும் அது நல்ல உரம். ஒரு சிறு விவசாயிக்குப் புங்கன் தரும் நிச்சயமான லாபம், டீசல் டேங்கில் இல்லை. தோட்டத்து மண்ணில்தான் இருக்கிறது.

வாசகர் கேள்விகள்

இந்தப் பொருளில் விவசாயிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளில் நான்கு.

ஹோட்டலில் மிஞ்சும் சமையல் எண்ணெயை வடிகட்டி பவர் டில்லரில் ஊற்றலாமா?

கூடாது. துணியில் வடிகட்டினால் தூசுதான் போகும். கெட்டித்தன்மையும் அமிலமும் அப்படியே இருக்கும். பலமுறை காய்ந்த எண்ணெய் இன்னும் வேகமாகப் பிசினாகும். அந்த எண்ணெயைப் பயோடீசல் ஆலைக்குக் கொடுக்கலாம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 முதல் இதற்கென்றே 'ரூக்கோ' என்ற திட்டத்தை நடத்துகிறது.

வீட்டிலேயே பயோடீசல் தயாரிக்க முடியுமா? செலவு குறைவு என்கிறார்களே?

வேண்டவே வேண்டாம். அதற்கு மெத்தனால் தேவை. அது கடும் விஷம், எளிதில் தீப்பற்றும், ஆவியை முகர்ந்தாலும் ஆபத்து. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை மறந்துவிடாதீர்கள். குழந்தைகள் நடமாடும் வீட்டில் அதை வைப்பது குற்றமும்கூட. மேலும் புங்க எண்ணெயில் அமிலம் அதிகம். இரண்டு கட்டமாக வினை நடத்தாவிட்டால் பயோடீசலுக்குப் பதில் சோப்புதான் கிடைக்கும்.

டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் புகை குறைகிறது. இன்ஜினுக்குக் கெடுதல் உண்டா?

உண்டு. மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்பு மிகக் குறைவு. பம்ப் எலிமென்ட் உரசித் தேயும். புகை வந்தால் நாசிலையும் ஏர் ஃபில்டரையும் பாருங்கள். புகைக்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

விளக்கெண்ணெய் நல்ல மசகு என்கிறார்கள். இன்ஜின் ஆயிலோடு கொஞ்சம் சேர்க்கலாமா?

வண்டி அச்சுக்கு அது அருமை. அந்தக் காலத்துப் பந்தய இன்ஜின்களிலும் பயன்படுத்தினார்கள். ஆனால் அடிக்கடி இன்ஜினைப் பிரித்துக் கழுவினார்கள். நம் இன்ஜினில் ஊற்றினால் சில வாரங்களில் பசையாகிவிடும். இன்று கடையில் கிடைக்கும் இன்ஜின் ஆயிலில் தேவையான மருந்துகள் கலந்தே வருகின்றன. எதையும் சேர்க்காதீர்கள்.

அந்தப் பெரியவரிடம் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. "அண்ணே, அன்னிக்கு நான் பாதிதான் சொன்னேன். தப்பு என் மேலயும் இருக்கு" என்றேன். நாமக்கல்லில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் அழைத்துப் போனேன். கிராங்கை அரைத்து, புது லைனர் போட்டு, வைகாசியில் மில் திரும்ப ஓடியது. சாதா டீசலில்தான் ஓட்டுகிறார். சுவரில் ஒரு காலண்டர் தொங்குகிறது. ஓடிய மணிக்கணக்கையும் ஆயில் மாற்றிய நாளையும் அவருடைய பேத்தி அதில் எழுதி வைக்கிறாள்.

உங்கள் இன்ஜினுக்கும் அப்படி ஒரு காலண்டர் மாட்டுங்கள். நாளைக் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன் குச்சியை ஒரு தடவை உருவிப் பாருங்கள். மட்டம் ஏறியிருந்தால் தள்ளிப்போடாமல் அன்றைக்கே ஆயிலை மாற்றுங்கள்.